நின்ன தூரம்

3.2.86 திங்கள்
மலையில நல்ல பனி. லாரி இஞ்சின் கிளம்பவே அரை மணி ஆச்சு. வியாழன் மிளகுப் பறிப்பு ஆரம்பம். மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரமெல்லாம் நெட்டுக்குத்தா நிக்குது. ஏறப்போற செம்மநத்தம் ராமன் இடுப்புக்குக் கயிறு கேட்டான். வாங்கியாச்சு. தாங்குமுங்களா என்றான். ரெண்டு மணல் மூட்டையைத் தொங்கவிட்டுக் காட்டினேன். அசையல.

என் ஊட்டுக்காரி ஸ்டெல்லா நேத்து சாயந்திரம் சேலம் பஸ் ஏறிட்டா. அரூர் ஸ்கூலுக்கு மாத்தின நாள்ல இருந்து ஞாயித்துக்கிழமைன்னா இதே கதை. கண்டக்டர் விசில், அவ்வளவுதான், ஆள் இல்ல. நெஞ்சுல பொத்துனு ஒரு அடி. ஊட்டுக்குப் போகவே பிடிக்கல.

5.2 புதன்
ஸ்டெல்லாவுக்கு டிரங்க் கால். என்னவோ சொல்ல நினைச்சு கயித்தைப் பத்திப் பேசிட்டேன். சயின்ஸ் டீச்சர், விடுவாளா. "தொங்கறது வேறங்க, விழறது வேற. ஆறடி விழுந்து, கயிறு இழுபடற அரையடியில நின்னா?" விழுந்த தூரம், நின்ன தூரம் ரெண்டையும் கூட்டி, நின்ன தூரத்தால வகுக்கணுமாம். ஆள் எடையைப் போல பதிமூணு மடங்கு இழுக்குமாம். ராமன் அறுபது கிலோ. எழுநூத்து எண்பது கிலோ! சராசரிதான், உச்சம் இன்னும் மேலயாம்.
லைன் கட். சாப்பிட்டியான்னு கேக்கல.

6.2 வியாழன்
பறிப்பு தள்ளி வச்சாச்சு. ஒத்தை மூட்டையைக் கயித்துல கட்டி ஆறடி விழ விட்டோம். கயிறு பட்டுனு போச்சு. மணல் பூரா தரையில. ராமன் அறுந்த நுனியை எடுத்துப் பாத்துட்டு, "அந்த மூட்டை நானுங்க" என்றான்.
தராசுல அசையாம நிக்கற எடையை நம்பியே இத்தனை வருஷம் யாவாரம்.
வாங்கணும்: தடிக் கயிறு, பழைய லாரி டியூப் (பஞ்சர் கடை), சீமெண்ணெய், ஸ்டெ.க்கு ஆரஞ்சு.

8.2 சனி
ஸ்டெ. வந்தா. பஸ்ஸை விட்டு இறங்கினதும் ராமனைத்தான் விசாரிச்சா. கயித்தைக் குட்டையாக்கி, நடுவுல டியூப் வச்சுக் கட்டினேன். அவ டேப் பிடிச்சா. விழறது ஓரடி, டியூப் இழுபடறது ரெண்டடி. ஒண்ணரை மடங்குதான். மூட்டை ஊஞ்சலாட்டம் ஆடி நின்னுது.
இனி ஏறலாமுங்க, டீச்சரம்மா இங்கயே இருந்துட்டா நல்லதுங்கன்னான் ராமன். நான் கயித்தைச் சுருட்டினேன். அவ டேப்பை.

9.2 ஞாயிறு
விசிலுக்கு முன்னாடி நானும் ஸ்டெ. கூடவே பஸ்ல ஏறிட்டேன். சேலத்துல சரக்கு பாக்கணுமான்னு கேட்டா. இல்ல, அடிவாரம் வரைக்கும் சும்மான்னேன். நாலஞ்சு வளைவு தாண்டுச்சு. அப்புறம் ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே, "நின்ன தூரத்தை நீட்டறீங்களாக்கும்" என்றா.
என் கை மேல வச்ச கையைக் கடைசி வளைவு வரைக்கும் எடுக்கல.
அடிவாரத்துல இறங்கினேன். பஸ் போச்சு. வலிச்சுது. போன வாரம் அளவுக்கு இல்ல.