சாவுச் செலவுக் காசில் ஒரு கம்ப்யூட்டர்

ஜனவரி 26, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். என் பேத்தி சென்கா. மேல்தெரு ஸ்வெத்கோ, டயர் ஆலையில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் நாத்தனார் ஸ்தமெனா, கூப்பிடாமல் வந்தவள். கம்ப்யூட்டர் திரையில், வியன்னாவிலிருந்து, என் மருமகள் பிசேர்கா. ஐந்து பேர். யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வைப்பது நல்லது. பிறகு யாரும் நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது.

பிசேர்கா முகம் திரையில் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து வந்தது. வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். மார்ச் முதல் தேதி அவள் வேலை பார்க்கும் ஹோட்டலில், துணி வெளுக்கும் இடத்தில் ஓர் ஆள் வேண்டுமாம். சென்காவை அனுப்பச் சொன்னாள்.

சென்கா தனக்கு இங்கேயே வேலை கிடைக்கலாம் என்றாள். நிஷ் நகரத்தில் சமையலறை அலமாரி செய்யும் பட்டறை ஒன்று. மரத்தை அறுப்பதற்கு முன்பே, அலமாரி வீட்டில் எப்படி இருக்கும் என்று போட்டோ போலப் படம் செய்து கொடுக்க வேண்டும். பிப்ரவரி 20க்குள் எட்டுப் படம். பிடித்தால் மாதச் சம்பளம், வீட்டிலிருந்தே வேலை. ஆனால் எங்கள் பழைய கம்ப்யூட்டர் ஒரு படத்துக்கு நாலு நாள் முனகுகிறது.

"அந்த டப்பாவ வச்சிக்கிட்டு எப்படிடி முடிப்ப?" என்று பிசேர்கா கேட்டாள். அந்த நேரம் பார்த்து படம் நின்றுபோனது.

ஜனவரி 27, திங்கள்

என் சாவுச் செலவுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து மேசையில் வைத்தேன். நாற்பதாயிரம் தினார். புதைக்கும்போது போடவேண்டிய உடுப்பும் காலுறையும் அப்படியே இருக்கின்றன. இந்தக் குளிர்காலத்தில் நான் சாகப்போவதில்லை. சென்கா தொடமாட்டேன் என்றாள். தொட்டாள்.

ஜனவரி 29, புதன்

சென்கா ரொட்டிக்கடையில் காலை வேலை முடிந்து வந்து தாள் ஒன்றில் எழுதினாள், நான் ஒவ்வொன்றையும் இது எதற்கு என்று கேட்டேன். நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன், ஆனால் என் பணம் எங்கே போகிறது என்று தெரியவேண்டும்.

மதர்போர்டை மாற்றவில்லை. அதை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமாம், பணம் அங்கேயே தீர்ந்துவிடும். அதே இருக்கையில் உட்காரும் கொஞ்சம் பலமான பிராசஸர், பழையது. மெமரி இன்னொரு துண்டு, இருக்கும் துண்டுக்கு ஜோடி பொருந்துகிற மாதிரி. எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற எஸ்.எஸ்.டி. புதியது, அது இப்போது விலை குறைவு. படம் செய்வதற்கு கிராபிக்ஸ் கார்டு. அதுதான் பெரிய செலவு, அதுவும் பழையதுதான் கட்டும். பழைய பெட்டியில் அது நுழையாது, அதனால் பெட்டியும் வேண்டும்.

ஸ்வெத்கோ எல்லாமே புதிதாக வாங்கச் சொன்னான். அவன் சொல்வான். தன் காசு என்றால் விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடுகிறவன்.

கடைசியில் பவர் சப்ளை. திரையில் இருந்ததிலேயே மலிவானதை நான் விரலால் காட்டினேன். சென்கா வேண்டாம் என்று தலையசைத்தாள். "இதுல மட்டும் மிச்சம் பிடிக்கக்கூடாது பாட்டி. இது கெட்டுதுன்னா மத்த எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போகும்."

அது எனக்குப் புரிந்தது. 1971இல் அண்டை வீட்டு மிலுத்தின் குடும்பத்தில் நல்ல அடுப்பாக வாங்கினார்கள், புகைக்குழாயில் காசை மிச்சம் பிடித்தார்கள். தீப்பிடித்துக் கூரையே போயிற்று. பவர் சப்ளை புதியது என்று எழுதச் சொன்னேன். கலர் கலராக விளக்கு எரியும் விசிறி வேண்டாம் என்று அவளே அடித்துவிட்டாள். அவள் அந்த விளக்கை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நிஷ் போய் வந்தோம். கார்டு விற்றவன் பெயர் ஓக்னியென், தாடி வைத்த இளைஞன், நாலாம் மாடி, லிஃப்ட் ஓடவில்லை. எங்கள் ஊர் பிரோத் என்றதும் சிரித்தான், எங்கள் ஊர்க்காரர்கள் கஞ்சர்கள் என்று ஒரு பேச்சு. "பிரோத்தா? அப்போ விலை பேசி முடிக்க ரெண்டு நாள் ஆகும். உட்காருங்க, காபி போடறேன்." அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

கார்டை அவன் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டிக் காட்டினான். சென்கா திரையைப் பார்த்தாள், நான் அவன் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை என்று தோன்றியது. ஆயிரத்தைந்நூறு குறைத்தான். வறுத்த மிளகாய் விழுது ஒரு ஜாடி கொடுத்தேன்.

பஸ்ஸில் கார்டைக் கம்பளிச் சால்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பிறந்த சென்காவை ஆஸ்பத்திரியிலிருந்து இதே சாலையில்தான் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

பிப்ரவரி 5, புதன்

ஸ்வெத்கோ எல்லாவற்றையும் சமையலறை மேசைமேல் பரப்பிப் பூட்டினான். பெட்டியை மூடாமலே ஒரு படம் ஓட விட்டார்கள். நாலு நாள் எடுத்தது மூன்று மணி நேரத்தில் முடிந்தது. நான் பீன்ஸ் வேகவைத்து இறக்குவதற்குள். நீல நிற அலமாரி, ஜன்னலில் வெயில், மேசையில் எலுமிச்சம்பழம்கூட. சென்கா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

பெட்டியை அடுப்புக்கு எதிர் மூலையில் வைத்தோம். என்ன பெட்டியோ, தலையெல்லாம் சல்லடை ஓட்டை. இந்த வீட்டில் விறகடுப்பு, சாம்பல் பறக்கும். பழையதற்கு ஒன்பது வருடம் போட்டிருந்த நைலான் தாளையும் அதன்மேல் என் கல்யாணச் சீர் லேஸ் விரிப்பையும் இதற்கும் போட்டேன். அளவாக இருந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

பாதிப் படத்தில் அணைந்துவிட்டது. சென்கா ரொட்டிக்கடையிலிருந்து வந்து பார்த்தால் திரை கருப்பு.

பிப்ரவரி 8, சனி

மறுபடி. இரண்டு தடவை.

பிப்ரவரி 10, திங்கள்

அவள் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்தால் ஒழுங்காக இருக்கிறது. படத்தை முடி என்று பெரிய வேலை கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. என் வீட்டுக்காரர் மாதிரி.

எட்டில் ஒன்றுதான் முடிந்திருக்கிறது. இன்னும் பத்து நாள்.

கார்டுதான் கெட்டது என்று ஸ்வெத்கோ சொன்னான். பழைய பொருள், யார் என்ன செய்து ஓட்டினார்களோ. ஓக்னியெனுக்கு எழுது என்றேன். சென்கா தயங்கினாள். நான் சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். திருடன் என்று எழுதச் சொன்னேன். வயதானவளின் சாவுக் காசைத் தின்றவன் உருப்படமாட்டான் என்றும்.

ஒரே வரி பதில் வந்தது. "ரெண்டு வருஷம் எங்கிட்ட ஒரு நாளும் அணையல பாட்டி. வேணும்னா கொண்டு வாங்க, பணம் தரேன்."

நல்லவன் வேஷம் என்றேன். பணத்தைத் திருப்பி வாங்கினால் வேறு கார்டு தேடி, வாங்கி, பூட்டி— 20ஆம் தேதி போய்விடும்.

பிப்ரவரி 12, புதன்

ஸ்வெத்கோ பெட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்க்கிறேன் என்றான். விரிப்பை மடித்து வைத்துவிட்டுக் கொடுத்தேன். அவன் வீட்டில் இரண்டு படம் தொடர்ந்து ஓடியது, ஒரு குறையும் இல்லை. ஆக மூன்று. அங்கேயே வைத்து முடித்துவிடலாம் என்றாள் சென்கா. நாளைக் காலை அவன் மகள் குழந்தைகளோடு வருகிறாளாம், ஒரே அறை. திரும்பி வந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

வீட்டுக்கு வந்ததும் அணைந்தது. சுவரில் வேறு பிளக்கில் மாட்டினோம். அணைந்தது.

ஸ்தமெனா வந்து நின்றுகொண்டு சொன்னாள்: "அண்ணி, சாவுக் காசுல வாங்கின பொருள். அது உயிரோட எப்படி இருக்கும்?"

வெளியே போ என்றேன். என் செப்பு அண்டாவை எடுத்துப் போய்த் திருப்பித் தராததற்கு 1983இல் ஒரு தடவை அப்படிச் சொன்னேன், இது இரண்டாவது. அவள் போன பிறகு கதவைத் தாழிட்டேன். உண்மையாக இருக்குமோ? என் காசுதான் பிள்ளையின் வேலையைக் கெடுக்கிறதோ?

பிப்ரவரி 14, வெள்ளி

பிசேர்கா பஸ் டிக்கெட் போட்டுவிடுகிறேன் என்றிருக்கிறாள். சென்கா சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மாலையில் என்னிடம், "அங்க குளிருக்கு எந்த ஸ்வெட்டர் நல்லாயிருக்கும்?" என்று கேட்டாள். சாம்பல் நிறம் என்றேன். பதில் சொல்லியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 15, சனி

பண்டிகை, எல்லோரும் கோவிலுக்குப் போன நாள். நான் போகவில்லை. காலை ஐந்துக்கு சென்கா ஒரு படத்தை ஓட விட்டு ரொட்டிக்கடைக்குப் போனாள். நான் நாற்காலியை இழுத்துப் பெட்டிக்கு முன்னால் போட்டேன். எப்படித்தான் சாகிறது என்று கண்ணால் பார்த்துவிடுவது என்று.

விசிறி சத்தம் முதலில் மெதுவாக. பிறகு பெரிதாக. பிறகு மலையேறுகிற லாரி மாதிரி. ஆறு மணி சுமாருக்குப் பெட்டியின் விளக்கு அணைந்தது. இரு, என்று தட்டுவதற்கு விரிப்பின் மேல் கை வைத்தேன். கை சுட்டது. லேஸை எடுத்தேன். அடியில் இருந்த நைலான் பால் ஆடை மாதிரிச் சுருங்கிப் பெட்டியோடு ஒட்டியிருந்தது. உரித்தேன். சல்லடை ஓட்டைகளிலிருந்து ரொட்டி அடுப்பைத் திறந்ததுபோல் சூடு முகத்தில் அடித்தது.

அந்த ஓட்டை அது மூச்சுவிட. நான் மூச்சை அடைத்திருக்கிறேன். தினமும். சாம்பல் படாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று.

ஸ்வெத்கோ வீட்டில் ஏன் ஓடியது என்று அப்போது புரிந்தது. அவன் வீட்டில் பெண் இல்லை. எதன்மேலும் விரிப்பு இல்லை.

மதியம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். சொல்லாமல் இருந்துவிடலாமா? விரிப்பை எடுத்துவிட்டால் ஓடும், யாருக்குத் தெரியப்போகிறது? கார்டு தானாகச் சரியாகிவிட்டது என்பார்கள். ஆனால் அந்தத் தாடிக்காரன் திருடனாகவே இருந்துவிடுவான்.

சென்கா வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நான்தான் என்றேன். நைலானைக் காட்டினேன். திட்டுவாள் என்று நின்றேன். அவள் தரையிலேயே உட்கார்ந்து என் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு.

"பாட்டி, இந்த வீட்ல ரேடியோ மேல விரிப்பு, டீவி மேல விரிப்பு, ஃபிரிட்ஜ் மேல விரிப்பு. என் கண்ணுக்கே தெரியாமப் போச்சே. நானும்தான் பார்க்கல."

"நீ போறதுக்கு நான் வழி பண்ணியிருப்பேன்."

"நான் போகலையே."

பிறகு ஓக்னியெனுக்குப் போன் போடு என்றேன். எழுபத்தாறு வயதில் நான் யாரிடமும் தப்பு என்று சொன்னதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நான் பிரோத்திலிருந்து பேசுகிறேன், நீ திருடன் இல்லை என்றேன். அவன் பாட்டியும் டீவிமேல் அதே மாதிரி லேஸ்தான் போட்டிருந்தாளாம், அதன்மேல் அழகுக்கு ஒரு கண்ணாடி மீனும். மிளகாய் விழுது தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். தீர்ந்துவிட்டதாம்.

பிப்ரவரி 20, வியாழன்

எட்டுப் படமும் பட்டறைக்கு அனுப்பியாயிற்று. நான் சாம்பல் அள்ளுவதை வாசல் பக்கம் மாற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். திங்கள்கிழமையிலிருந்து. சென்கா ரொட்டிக்கடையில் சொல்லிவிட்டு வந்து பட்டப்பகலில் தூங்கினாள். சாம்பல் நிற ஸ்வெட்டரை அலமாரியில் பழைய இடத்தில் வைத்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

நாளை நோன்பு தொடங்குகிறது. இன்று ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்கிற நாள். கேட்டால் 'கடவுள் மன்னிப்பார்' என்று சொல்ல வேண்டும், அதுதான் முறை.

ஸ்தமெனா வந்தாள். சாவுக் காசு பேச்சை மன்னித்தேன், அண்டாவையும் சேர்த்து. நாற்பத்திரண்டு வருடம் ஆகிவிட்டது, அண்டாவே ஓட்டையாகியிருக்கும். நைலான் கதையைத் தெரு முழுக்கச் சொன்ன ஸ்வெத்கோவை மன்னித்தேன். ஓக்னியெனிடம் நான் ஏற்கெனவே கேட்டாயிற்று, இன்னொரு ஜாடியும் பஸ்ஸில் போயிற்று.

சாயங்காலம் பிசேர்கா திரையில் வந்தாள். இப்போது முகம் உடையவில்லை. வகிட்டில் நரை தெரிந்தது. கை விரல்களெல்லாம் சோப்புத் தண்ணீரில் வெடித்திருந்தன, அதுவும் தெரிந்தது. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அத்தை, என்னை மன்னிச்சிருங்க."

"கடவுள் மன்னிப்பார்" என்றேன்.

என் நாற்காலியைத் தள்ளி நகர்ந்தேன், சென்கா முழுசாகத் தெரியட்டும் என்று. பாலாடைக்கட்டி வைத்த அடை சுடச்சுட இருந்தது, தட்டில் வைத்துக் கொடுத்தேன். சென்கா சாப்பிடுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் முற்றத்துக்குப் போய் விறகு அடுக்கினேன். இருட்டும்வரை அடுக்கினேன், பேசி முடிக்கட்டும். போன ஞாயிறு விட்ட மாதிரி விடாமல் அடுத்த ஞாயிறும் கூப்பிடச் சொல் என்று சென்காவிடம் சொன்னேன்.

கடவுள் மன்னிக்கட்டும், அது அவர் வேலை. என் மகனைப் புதைத்த மறு வருடம், இரண்டே மாதம் என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். ஆறு வயது சென்கா, பள்ளிக்கூடத்தின் முதல் நாள் நான் சடை பின்னும்போது, அம்மா வருகிறாளா என்று தலையை ரோட்டுப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சடை கோணலாகவே வந்தது. அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். இன்று எல்லோரையும் மன்னித்தேன், ஒருத்தியைத் தவிர.

பிசேர்கா.