எதுக்குன்னு கேட்க ஆளில்லை, மச்சான்

மச்சான்,

இன்று காலை வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. கூரியர் தம்பி கேட்டுக்கு வெளியே நின்று என் பெயரைச் சத்தமாகப் படித்தான். பெயர் என்னுடையதுதான், முகவரியும் என்னுடையதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. பெட்டியைக் கிழித்ததும் புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. அந்த வாசனை வந்தால் நீயும் கூடவே வந்துவிடுகிறாய். நாம் வாராவாரம் சுற்றிய பாயான் பாரு இரவுச் சந்தையில் முதல் கடை செருப்புக் கடைதானே.

பெட்டிக்குள் இருந்தது தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு. நான் மீன் பிடிக்கப் போகிறவன் இல்லை. மலை ஏறுகிறவனும் இல்லை. மாடிப்படி ஏறினாலே நடுவில் ஒரு தடவை உட்காருகிறவன். எப்போது இதை வாங்கினேன், எந்த மனநிலையில் வாங்கினேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. உன் தங்கச்சி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் மனைவியை நீ அப்படித்தானே கூப்பிடுவாய்.

"இத மாட்டிக்கிட்டு எங்க போகப் போறீங்க? ஈயம் தோண்டவா?"

"கரண்ட் போனா உதவும்லா."

"கரண்ட் போனா உதவும்னு முன்ன வாங்குன லைட்டெல்லாம் அலமாரில தூங்குது. அதுங்களத் தேடுறதுக்கு வேணா இது உதவும்."

சிரித்துவிட்டுத்தான் உள்ளே போனாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது எனக்குக் கேட்டது. இன்றைக்குத்தான் மகளின் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டிய நாள். தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டாவிட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும். அதற்கென்று தனியாகச் சேர்த்த கணக்கில் பணம் குறைகிறது. குறைவது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கணக்கை ஆரம்பிக்க வைத்தவன் நீ. தொழிற்சாலை கேண்டீனில் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "சம்பளம் வந்த அன்னிக்கே புள்ள பங்க எடுத்து வேற கணக்குல போட்டுரு. மிச்சத்துல நீ என்ன கூத்து வேணாலும் அடி." நான் அப்படியே செய்தேன். ஆனால் கூத்து பெரியதாகும்போதெல்லாம் பிள்ளை பங்கிலிருந்து கொஞ்சம் எடுப்பேன், அடுத்த மாதம் வைத்துவிடலாம் என்று. அடுத்த மாதம் வரும்போது அதற்கென்று ஒரு கூத்தும் கூடவே வந்துவிடும்.

நீ இருந்தவரை என்னைக் கட்டி வைத்தது அந்தப் பர்ஸ் வழக்கம்தான். ஒரே இரவில் நான் மூன்று குடை வாங்கிவிட்டேன். மறுவாரம் சந்தைக்குள் நுழையும்போது நீ கையை நீட்டினாய். என் பர்ஸ் உன் பாக்கெட்டில், உன் பர்ஸ் என் பாக்கெட்டில். அன்றிலிருந்து எதை வாங்க வேண்டுமானாலும் மற்றவனிடம் காரணம் சொல்லிக் கேட்டுத்தான் வாங்கினோம்.

"எதுக்குடா இது?"

"வீட்டுக்குத்தான்."

"வீடு கேட்டுச்சா?"

"தள்ளுபடில போடுறான் மச்சான்."

"வாங்காமப் போனா முழுசும் தள்ளுபடி. வா."

நம் சத்தத்தைக் கேட்டு, அப்பம் சுடும் மலாய்க்கார அக்கா நாம் சண்டை போடுவதாக நினைத்து, 'சுடா லா, பாங்', போதும் விடுங்கண்ணே என்று மலாயில் சமாதானம் செய்வார். நீ எப்போதும் முடியாது என்று சொன்னதில்லை. எதுக்கு என்று மட்டும்தான் கேட்பாய். காரணத்தை வாய்விட்டுச் சொல்லும்போதே அது எனக்கே அசட்டுத்தனமாகக் கேட்கும். பாதியிலேயே நிறுத்திக்கொண்டு சாமானைக் கீழே வைத்துவிடுவேன். இப்போது பர்ஸே வேண்டியதில்லை. கைப்பேசியில் கட்டைவிரலை வைத்தால் போதும். கட்டைவிரல் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

நீ என்னிடம் கேட்டு வாங்கியது மிகக் குறைவு. அதனால்தான் சந்தையில் நீ கேட்ட அந்தத் தொப்பி என் மண்டையை இன்னும் குடைகிறது. பழுப்பு நிறம், வட்ட விளிம்பு. கடைக்காரரின் சின்னக் கண்ணாடி முன் நின்று அதைச் சாய்த்து வைத்துப் பார்த்தாய், நேராக வைத்துப் பார்த்தாய். உன் வழுக்கை மறைந்து பத்து வயது குறைந்துவிட்டது. "மச்சான், இது வேணும்டா" என்றாய். எனக்கு ஒரே சந்தோஷம். நீ வாயைத் திறந்து ஒன்று கேட்டுவிட்டாயே! உடனே உன் பர்ஸை எடுத்து நீட்டினேன்.

நீ தொப்பியைக் கழற்றி இருந்த இடத்தில் வைத்தாய்.

"ஏன்டா?"

"நீ ஒண்ணுமே கேக்கலியே."

"என்னத்தக் கேக்க? உனக்கு நல்லா இருக்கு, வாங்கு."

"எதுக்குன்னு கேட்டிருந்தா வாங்கியிருப்பேன்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். பிறகு கரும்புச்சாறு குடித்தோம், வேறு ஏதோ பேசினோம். அப்போது அதை விளையாட்டு என்று நினைத்தேன். சில மாதங்களில், வேலை முடிந்து வண்டியை எடுக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை. உன்னிடம் ஒரு பதில் தயாராக இருந்திருக்கிறது, மச்சான். அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு எங்கே போவதாக இருந்தாய்? யாரைப் பார்க்க? நான் எதையுமே கேட்காமல் சரி என்று சொன்னது உனக்கு என்னவாகப் பட்டது, அன்பாகவா, அக்கறை இல்லாததாகவா? எத்தனையோ விதமாக யோசித்துவிட்டேன். ஒன்றும் பொருந்தவில்லை.

உன் காரியம் முடிந்த வாரம் அந்தத் தொப்பியை வாங்கப் போனேன். தொப்பிக்காரர் அன்று வரவில்லை. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் இரண்டு பெல்ட் வாங்கினேன். அப்படித்தான் மறுபடி ஆரம்பித்தது. ஆசைப்பட்டதைத் திருப்பி வைத்துவிட்டுப் போன மனுஷன் என்ன கண்டான், இருக்கும்போதே அனுபவிப்போம் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நாளாக ஒரு சந்தேகம். உன்னை நினைத்து வாங்குகிறேனா, அல்லது உன் சாவைத் தள்ளுபடிக் கூப்பன் மாதிரி பயன்படுத்துகிறேனா? இரண்டாவதுதான் என்றால், நீயே விழுந்து விழுந்து சிரிப்பாய்.

மதியம் மகளும் நானும் ஜார்ஜ் டவுனில் இருக்கும் கல்லூரி அலுவலகத்துக்குப் போனோம். வழியெல்லாம் நான் சொல்லப் போகும் பொய்யை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். வங்கியில் ஏதோ கோளாறு, நாளைக்கு வந்துவிடும் என்று. முகப்பில் இருந்த பெண் நிமிர்ந்ததும், நான் வாயைத் திறப்பதற்குள் மகள் மலாயில் மரியாதையாகப் பேசினாள்: பாதியை இப்போது கட்டுகிறோம், மீதியை வகுப்பு தொடங்கும் முன் கட்டிவிடுகிறோம்.

"ஓ, போன வாரம் போன் பண்ணிக் கேட்டது நீங்கதானா?" என்றாள் அந்தப் பெண். சரி என்று பாதியை வாங்கிக்கொண்டாள். மீதி அதற்குள் வராவிட்டால் இடம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

படியிறங்கும்போது கேட்டேன். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"வாராவாரம் பார்சல் வருதுப்பா. எனக்குக் கூட்டல் தெரியும்லா."

"கோவமா?"

"தெரியல. பசிக்குது."

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் நாம் வழக்கமாகச் சோறும் குழம்பும் சாப்பிடும் நாசி கண்டார் கடைக்கு நடந்தோம். சின்ன வயதிலிருந்து அங்கே அவளுக்கு மீன் சினை வேண்டும். சினை இல்லாத நாளில் சோற்றையே தொடமாட்டாள், உனக்குத் தெரியும். கடைக்காரர் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே, "சினை இப்பதான் வந்துச்சு பாப்பா, பெருசா வைக்கட்டா?" என்றார்.

"வேணாம்ண்ணே. வெண்டிக்கா வைங்க, கொழம்பு ஊத்துங்க. போதும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் யாரோ செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. என் பெட்டிகளுக்கான விலையை அவள் தன் தட்டிலிருந்து கழித்துக்கொண்டிருந்தாள். "சினை ஒண்ணு வைங்க" என்று சொல்லிவிட்டேன். விலை எத்தனை வெள்ளி என்றுகூடக் கேட்கவில்லை. மறுபடி அதே புத்தி.

மேசையில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்: "நான்தான் வேணாம்னு சொன்னேனே. எதுக்குப்பா வாங்குனீங்க?"

"நீ வேணாம்னு சொன்னத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல" என்றேன்.

"அப்ப இது எனக்கில்ல. உங்களுக்குத்தான்."

அதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. கணக்கில் எவ்வளவு குறைகிறது என்பதை அங்கேயே அவளிடம் சொன்னேன். உன் தங்கச்சியிடம்கூட அதுவரை சொல்லாத தொகை. அவள் கத்தவில்லை. ஓவர்டைம் கிடைக்குமா என்றாள். கிடைக்கும் என்றேன். பிரிக்காத பெட்டிகளைத் திருப்பி அனுப்ப முடியுமா என்றாள். சிலதை முடியும் என்றேன். "மாமா இல்லாததாலயாப்பா இப்படி?" என்றாள். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை, மச்சான்.

அவள் சினையைக் கரண்டியால் இரண்டாக வெட்டி, பாதியை என் தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். அது மன்னிப்பா, கண்டிப்பா, அல்லது வெறும் பசியா? கேட்கலாமா என்று பார்த்தேன். அவள் குனிந்தபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மீதிப் பணத்தை நான் கட்டியே ஆக வேண்டும். கட்டிவிடுவேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். என் சத்தியங்களின் விலை உனக்குத் தெரியும். அவள் கேட்ட கேள்விகளை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்த மாதிரி சுமந்துகொண்டு வந்திருக்கிறேன். அந்தப் பாதிச் சினையைத் தின்றேன். அவ்வளவு அவமானத்திலும் அது ருசியாகத்தான் இருந்தது. எப்படி என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.