நகரும் வில்லை, நகராத வில்லை

ரெம்பாவ்
4.3.1993

வள்ளிநாயகிக்கு,

போதுமான காலம் வாய்மூடி இருந்துவிட்டேன். ஆறு வருடமாக நீ கிள்ளானில், நான் இங்கே. சொல்லாமல் மாற்றல் வாங்கிக்கொண்டு, புருஷனை விட்டுப் போனவளுக்கு நான் ஏன் எழுத வேண்டும்? முழங்கால் எழுத வைக்கிறது.

இடது மூட்டின் உட்பக்கம் தேய்ந்துவிட்டது. பாதி மூட்டு மாற்றினால் போதுமாம். சிரம்பான் டாக்டர், பிளாஸ்டிக் வில்லையை உலோகத் தட்டில் அசையாமல் பதிப்பதே நல்லது, வழுக்கி வெளியே வராது என்கிறார். கோலாலம்பூர் டாக்டரோ, வில்லை நகர்ந்துகொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சீக்கிரம் தேயும் என்கிறார். இருவரும் படித்தவர்கள். நானும் படித்தவன். ஒன்றும் விளங்கவில்லை. கூலியாட்களை மேய்க்கும் மண்டோரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் தொற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறேன். தோட்டத்துப் பள்ளித் தலைமையாசிரியருக்கு இது அழகா?

நீ ஆபரேஷன் அறை மிஸ்ஸி, நர்ஸாக இத்தனை வருடம் அங்கே நின்றவள். இரண்டையும் பார்த்திருப்பாய். எது என்று மட்டும் எழுது.

நீ போவதற்கு முன், நான் கால் வலி என்றபோது உன் தம்பி இராஜமாணிக்கம், "மச்சானுக்குக் காலு நோவுதுன்னா தோட்டமே நொண்டணும்லா!" என்றதையும், நீ சிரித்ததையும் மறக்கவில்லை.

இப்படிக்கு,
பெ. வீரமுத்து

கிள்ளான்
12.3.1993

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். இரண்டு வகையையும் டாக்டர் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பத்து வருடம் கழித்து எந்தக் கால் நன்றாக நடந்தது என்று யாரும் என்னிடம் வந்து நடந்து காட்டியதில்லை. நகரும் வில்லைக்கு மூட்டின் உள்ளே இருக்கும் நார் உறுதியாக இருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் அது வேண்டாம். சோதிக்கச் சொல்லுங்கள். மற்றபடி, அந்தந்த டாக்டருக்குக் கை பழகியதுதான் நல்லது.

ஆமாம், சிரித்தேன். சிரிப்பு வந்தது. மாற்றல் பற்றியும் சொன்னேன். நீங்கள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தீர்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் யார்? எனக்கு லீவு இருக்கிறது. கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாமல் வர மாட்டேன்.

அதென்ன, கல்வி இலாகாவுக்குப் போடுகிற மாதிரி இனிஷியலோடு கையெழுத்து?

வள்ளி

ரெம்பாவ்
2.4.1993

வள்ளி,

நார் உறுதியாக இருக்கிறதாம். இரண்டு வில்லையும் ஒத்துவரும் என்று சொல்லிவிட்டார்கள். தளர்ந்திருந்தால் என் குழப்பமாவது தீர்ந்திருக்கும். சிரம்பானிலேயே செய்யலாம், நகராத வில்லையே போதும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ரெம்பாவ் வருவதற்குள், நகர்வதே மேலோ என்று தோன்றிவிட்டது.

"அப்புறம் வீட்டுல யாரு சார் பாத்துக்குவாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"மிஸ்ஸி ஒருத்தங்க இருக்காங்க."

"சம்பளத்துக்கா?"

எக்ஸ்ரே படத்தை உறையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பரீட்சைத் தாள் திருத்துகிறவனிடம் சொன்னால் அது சொன்னதாகுமா? அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. உன் தம்பியையும் மன்னிக்கவில்லை. ஏப்ரல் 19, திங்கட்கிழமை ஆபரேஷன். முந்திய நாளே வந்துவிடு. இது கூப்பிடுவதுதான்.

இனிஷியல் போட்டால் சிரிப்பாய். 'உன் கணவன்' என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். அது இன்னும் சரிதானா என்பதை நீதான் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.