சாத்தாத கதவு

என் வீட்டுத் தலைமையாசிரியைக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? ஓய்வுபெற்ற பிறகும் இங்கே பாடம் நடத்தும் நான் நலம். வாடகை வீட்டின் குளியலறைக் கூரைக்குத்தான் உடம்பு சரியில்லை. பூஞ்சை பிடித்து மழைமேகம் போலக் கறுத்துவிட்டது. வீட்டுக்காரர் பார்த்துச் சிரித்தார்.

"தனியாத்தானே இருக்கீங்க சார், குளிச்சிட்டு வந்தும் கதவை ஏன் சாத்துறீங்க? ஆவி எங்க போகும்?"

ஈரக்குடையை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்குமே, அந்தக் கதைதான். நாற்பது வருடமாக "கதவைச் சாத்துங்க!" என்று நீ திட்டித் திட்டி வந்த பழக்கம்.

கூரையைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். இப்போது கதவு திறந்தே கிடக்கிறது. ஆவி மெல்ல மிதந்து, அறை அறையாக யாரையோ தேடிப் போகிறது.

இனி கூரையில் படியும் ஈரத்தை அவ்வப்போது துடைக்க உன் பழைய நூல்புடவைத் துண்டு ஒன்று அனுப்பு. வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. ஞாயிறன்று பேசும்போது, அந்தக் கதவுக்காக ஒரு தடவை திட்டிவிடு.

உன்னவன்