ஹெப்சியை அழைத்துவர ஆயில் மாற்றினோம், மதினி

என் அன்பு மதினி,

உங்கள் கார் ஓடுகிறது. மற்றதெல்லாம் அப்புறம். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது.

நீங்கள் கர்த்தரிடம் போன பிறகு இந்த இரண்டு வருஷமும் அது தேனி வீட்டுக் கார் செட்டில்தான் நின்றது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அண்ணன் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்காருவார். எட்டிச் சாவியைத் திருகி, கால் மணி நேரம் ஓடவிட்டு அணைத்துவிடுவார். ஓட்டுகிற சீட்டில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உங்கள் உயரத்துக்கு நீங்கள் முன்னால் இழுத்து வைத்த சீட் அது. மெக்கானிக் யாராவது ஏறினால் பின்னால் தள்ளிவிடுவான் என்றுதான் ஒர்க்‌ஷாப்புக்கும் விடவில்லை. அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா?

இப்போது உங்கள் மகளுக்கு ஏழு மாதம், மதினி. பிரசவத்துக்கு அவளைக் கூடலூரிலிருந்து இங்கே அழைத்துவர வேண்டும். வாடகைக் கார் அனுப்புகிறேன் என்று அண்ணன் போனில் சொன்னார்.

"வாடகைக் காரு வேண்டாம்ப்பா. நீங்க அம்மா காரை எடுத்துட்டு வந்தா வாரேன். இல்லாட்டி இங்கனயே பெத்துக்கிறேன். எங்க மாமியார் நல்லாத்தான் பாத்துக்கிறாக" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள் ஹெப்சி. உங்கள் பிடிவாதம் அப்படியே இருக்கிறது.

அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டதற்கு, "ரெண்டு வருசத்து ஆயிலு அது, ஆத்தா. வழியில இஞ்சின் பிடிச்சுக்கிருச்சுன்னா, புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றார். அது சாக்குத்தான். ஆனால் சாக்கிலும் நியாயம் இருந்தது.

நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பத்து வருஷம் ஆயில் விற்றவள். ஒரு போல்ட்டைக் கூடக் கழற்றியதில்லை. இருந்தாலும் சனிக்கிழமை காலையில் ஆயில் கேன், புது ஃபில்டர், ஸ்பேனர் எல்லாவற்றோடும் செட்டுக்குள் போனேன். இஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி அணைத்தேன். ஜாக்கியால் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, பழைய சேலையை விரித்துப் படுத்தேன். ஆயில் இறங்குகிற போல்ட் அசையவே இல்லை. முழுப் பலத்தையும் கொடுத்துத் திருகினேன்.

ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது. "ஏத்தா, அது இறுக்குற பக்கம்!"

மறுநிமிஷம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணன் வந்துவிட்டார். முதலில் ஸ்டாண்டை ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னை நகரச் சொல்லிவிட்டு, தானே அடியில் புகுந்தார். தார் மாதிரிக் கறுப்பாக ஆயில் தட்டில் இறங்கியது. கடைசிச் சொட்டுவரை காத்திருந்து போல்ட்டைத் திரும்பப் போட்டார். பழைய ஃபில்டரைக் கழற்றிப் புதுசை நான்தான் மாட்டினேன். புது ஆயிலை ஊற்றி, கம்பியை எடுத்து அளவும் பார்த்தோம். சரியாக இருந்தது. ஸ்டார்ட் செய்தால், ஃபில்டர் பக்கத்திலிருந்து புது ஆயில் தரையெல்லாம் ஓடுகிறது! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் அணைத்துவிட்டு ஃபில்டரைக் கழற்றினார். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இஞ்சினோடு ஒட்டிக்கிடந்திருக்கிறது. அதன் மேலேயே புதுசை வைத்து இறுக்கியிருக்கிறேன்.

"பத்து வருசமா இதத்தானத்தா விக்கிற?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார், மதினி. மூக்கிலும் காதிலும் ஆயிலோடு, தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சத்தத்தை நான் மறந்தேபோயிருந்தேன்.

பழைய வளையத்தைப் பிய்த்துப் போட்டு, இடத்தைத் துடைத்து, ஃபில்டரைத் திரும்ப மாட்டினோம். வண்டியை இறக்கி, குறைந்த ஆயிலை ஊற்றி ஸ்டார்ட் செய்தோம். இந்தத் தடவை ஒரு சொட்டு இறங்கவில்லை.

கையைக் கழுவிவிட்டு வந்து, அண்ணன் உங்கள் சீட்டில் ஏறினார். முட்டி இரண்டும் ஸ்டியரிங்கில் இடிக்க, தெருமுனைவரை அப்படியே ஓட்டிப்போனார். அங்கே நிறுத்தினார். வெகுநேரம் வண்டி நகரவில்லை. நான் பக்கத்தில் போகவில்லை. திரும்பி வந்தபோது சீட் பின்னால் தள்ளியிருந்தது. "இந்த முட்டிய வச்சுக்கிட்டு கூடலூரு போக முடியாதுத்தா" என்று மட்டும் சொன்னார். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? சீட்டை இரண்டு வருஷம் முன்பே தள்ளியிருக்கக் கூடாதா என்று வைதிருப்பீர்களோ?

மறுநாளே போனோம். ஹெப்சி வாசலிலேயே நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, உத்தமபாளையம் தாண்டும்வரை அவர் தோளில் கையை வைத்துக்கொண்டே வந்தாள். பிறகு பசிக்கிறது என்றாள். சின்னமனூரில் ஆளுக்கு இரண்டு பரோட்டா சாப்பிட்டோம். அண்ணன் மூன்றாவதும் கேட்டார்.

இப்போது அவள் உங்கள் அறையில் தூங்குகிறாள். குழந்தை சரியாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். பிரசவ அறைக்குள் ஒருத்தர் அவள்கூட நிற்கலாமாம். அது நீங்கள் நிற்க வேண்டிய இடம் என்று எனக்குத் தெரியும். நான் நிற்கிறேன், மதினி. அவள் எவ்வளவு கத்தினாலும் பிடித்த கையை விட மாட்டேன்.

உங்கள் நாத்தனார்,
எஸ்தர்