இரும்பு நாற்காலியும் இரண்டு மூங்கிலும்

பிரியமுள்ள வசந்தா அக்கா,

உங்களோடு ஒரே அடுப்படியில் பதினெட்டு வருஷம் மல்லுக்கு நின்ற ஓர்ப்படி எழுதுகிறேன். இருந்தவரை உங்களை ஒரு நல்ல வார்த்தை சொல்லிப் பாராட்டியதில்லை. இப்போது சொல்ல வாய் நிறைய இருக்கிறது, கேட்கத்தான் நீங்கள் இல்லை. ஊரே கேட்கட்டும் என்று இதை எல்லாரும் படிக்க எழுதுகிறேன்.

முதல் சேதி இதுதான். உங்கள் கொழுந்தன், அதாவது என் வீட்டுக்காரர், பிழைத்துவிட்டார். நீங்கள்தான் பிழைக்க வைத்தீர்கள். எப்படி என்று கேட்கிறீர்களா?

நீங்கள் கண்மூடிய ஆவணிக்கு அடுத்து வந்த புரட்டாசியில் நம் வீட்டில் ஒத்திகை நடக்கவில்லை. வருஷா வருஷம் மழை தொடங்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வாசலில் நிறுத்துவீர்களே, அதைச் சொல்கிறேன். ரேஷன் கார்டும் பட்டாவும் பாலிதீனில் சுற்றி மூடி போட்ட டிரம்முக்குள் போகும். அவலும் வெல்லமும் தனி டப்பாவில். டார்ச் யார் கையில், விசில் யார் கழுத்தில் என்று பெயர் சொல்லிப் பிரிப்பீர்கள். கடைசியாக, நடக்க முடியாத ஆளைத் தூக்கிப் போகும் வித்தை. இரும்பு நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, நாலு பேர் தோள் கொடுத்து, வாய்க்கால் மதகு வரை போய்த் திரும்ப வேண்டும். பாம்பு கடித்தால் ஓடாதே, இறுக்கிக் கட்டாதே, கீறாதே, காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போ என்று வழியெல்லாம் ஒப்பிக்கவும் வேண்டும்.

நோயாளி எப்போதும் நான்தான். உட்கார்ந்த வேலை என்று சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். தெருவே வேடிக்கை பார்க்கும். "தேனு, மாப்பிள்ளை அழைப்பா?" என்று கேட்பார்கள். ஒரு வருஷம் முடிச்சு நழுவி நான் வாய்க்காலில் விழுந்தேன். உங்களோடு இரண்டு நாள் பேசவில்லை. நீங்களோ அந்த இரண்டு நாளும் நைலான் கயிற்றை நனைத்து நனைத்து வேறு முடிச்சுப் போட்டுப் பார்த்தீர்கள். நழுவாத ஒன்றை மூன்றாம் நாள் எனக்கும் பழக்கினீர்கள்.

"அண்ணி, தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?" என்று உங்கள் கொழுந்தன் ஒருமுறை கேலி செய்தார். "சாணுக்கும் முழத்துக்கும் நடுவுலதான் தம்பி மூக்கு இருக்கு" என்றீர்கள்.

அந்தக் கார்த்திகையில் ஐந்து நாள் விடாத மழை. சம்பாப் பயிர் மூழ்கிவிட்டது. பயிர் தண்ணீருக்குள் கிடக்கும்போது நம் ஊர் ஆம்பளைக்கு வீட்டில் இருப்புக் கொள்ளுமா? விடிந்ததும் மனுஷன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பை வெட்டி வடிய விடப் போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. கையில் கம்பில்லை, காலில் செருப்பில்லை. வெள்ளத்துக்குப் பயந்து பாம்பும் அதே வரப்பில்தான் ஏறியிருந்தது. கண்ணாடிவிரியன், அக்கா. கணுக்காலுக்கு மேலே கடித்துவிட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உங்களைக் கேலி பேசிய அந்த மனுஷன் ஓடவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்து கத்தினார். அடுத்த வயலில் நின்ற பக்கிரிசாமி அண்ணன் கேட்டுவிட்டு எங்களுக்குக் குரல் கொடுத்தார். உங்கள் மகள் காவ்யா மாடியில் ஏறிப் போன் போட்டாள். மரம் விழுந்து கிடப்பதால் ஆம்புலன்ஸ் மெயின்ரோடு வரைதான் வரும் என்றார்கள். உங்கள் வீட்டுக்காரர் அத்தான் நாற்காலியையும் மூங்கிலையும் தூக்க, நான் கயிற்றோடு முழங்கால் தண்ணீரில் ஓடினேன்.

போய்ப் பார்த்தால் பக்கிரிசாமி அண்ணன் தன் துண்டால் தொடையை இறுக்கிக் கட்டி வைத்திருந்தார்.

"அண்ணே, துண்ட அவுருங்க."

"அவுத்தா விஷம் ஏறிடும்மா. மந்திரிச்சுப் பாடம் போடுறவரு வீடு பக்கத்துலதானே, மொதல்ல அங்க தூக்கிட்டுப் போவோம்."

"கட்டுனா காலு போயிடும். அங்க போனா உயிரு போயிடும். எங்க அக்கா சொல்லியிருக்காங்க, அவுருங்க."

உங்கள் காரியத்தன்று உங்கள் அம்மா சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. உங்கள் தம்பிக்குப் பத்தொன்பது வயதில் இதே கடிதானாமே. இறுகக் கட்டி, மந்திரிக்கக் கொண்டுபோய், ஆஸ்பத்திரிக்கு வரும்போது நேரம் கடந்துவிட்டதாமே. பதினெட்டு வருஷம் எங்களை வாசலில் நிறுத்தினீர்கள், ஒரு நாளாவது இதைச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேனா?

பக்கிரிசாமி அண்ணன் தயங்கி நின்றார். நீங்கள் போனதிலிருந்து யாரோடும் சரியாகப் பேசாத அத்தான் குனிந்து, தன் கையாலேயே துண்டை அவிழ்த்தார். "வசந்தா சொன்னது" என்றார். அவ்வளவுதான்.

பிறகு எல்லாம் நீங்கள் சொன்ன வரிசையில் நடந்தது. காலோடு ஒரு குச்சியை வைத்து, அசையாமல் இருக்கும் அளவுக்குத் தளர்வாகக் கட்டினேன். நாற்காலிக்கு நீங்கள் கண்டுபிடித்த முடிச்சைப் போட்டேன். முன்னால் அத்தானும் பக்கிரிசாமி அண்ணனும், பின்னால் நானும் காவ்யாவும். அவர் எழுந்து நடக்கிறேன் என்றார். "வாய மூடிட்டு உக்காருங்க" என்றேன். பொண்டாட்டி பேச்சை அவர் கேட்ட நாள் அது ஒன்றுதான். மெயின்ரோடு வரை கயிறு ஒரு விரற்கடை நழுவவில்லை.

குடவாசல் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். கால் வீங்கிக் கறுத்து, மூன்று நாள் எனக்கு உயிர் கையில் இல்லை. நாலாம் நாள் டாக்டரம்மா, "கட்டாம, கீறாம, நடக்க விடாம கொண்டாந்திருக்கீங்க. யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார்.

"என் ஓர்ப்படிங்க" என்றேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள். ஓர்ப்படியைப் பற்றி ஒருத்தி பெருமையாகப் பேசி அவள் கேட்டதே இல்லையாம். எனக்கு அப்படி ஒரு கர்வம் வந்தது அக்கா. என் பிள்ளை முதல் மார்க் வாங்கியிருந்தால்கூட அப்படி வந்திருக்காது.

இதோ அடுத்த புரட்டாசி வரப்போகிறது. தெருவில் ஒன்பது வீட்டுக்காரர்கள் எங்களுக்கும் கற்றுக்கொடு என்று கேட்டிருக்கிறார்கள். பக்கிரிசாமி அண்ணன் தானே போய் மூங்கில் வெட்டி வந்து போட்டிருக்கிறார். அத்தான் மழைக்கு முன்னால் டிரம்மைக் கழுவிக் காயவைத்துவிட்டார்.

இன்று காலை உங்கள் கொழுந்தன் சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளி வைத்தார். பதிலுக்குக் கத்த வாயெடுத்தவள், அடுப்படிக்குள் போய் அழுதேன். குறை சொல்ல எனக்கு ஆள் இருக்கிறார் அக்கா. அவரை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

எனக்குக் கை காலில் தெம்பு இருக்கும் வரை புரட்டாசி ஞாயிறு ஒத்திகை இனி ஒரு வருஷமும் நிற்காது. இது சத்தியம். வருகிற பிள்ளைகளிடம் உங்கள் தம்பியின் கதையை முதலில் சொல்வேன். நீங்கள் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓர்ப்படியாக வந்து, உங்களுக்குத் தங்கையாகிவிட்ட
தேன்மொழி