பதினோராம் கட்டிலின் சிவப்புக் கயிறு

பாசமுள்ள தங்கை நாகம்மாவுக்கு,

நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் முழங்கால் வலி இருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே உங்கள் ஸ்டூல் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அதே மூலையில்தான் கிடக்கிறது. நான் மட்டும் சில நேரம் அதில் உட்காருகிறேன். யாராவது எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்களோ என்று அதிலும் பாதி இடத்தில்தான்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. ஒரு தவறு செய்துவிட்டேன். அதைச் சொல்லாமல் உங்களுக்கு வேறு எதை எழுதினாலும் அது பொய்யாகத்தான் இருக்கும். மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன். எனக்கும் உடம்பு தளர்ந்துகொண்டு வருகிறது. நாளை அந்த ஸ்டூலில் வேறு யாராவது உட்காருவார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

உங்களைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. ஓசூரில் எங்கள் மருத்துவமனையில் நீங்கள் ஆயாவாக இருந்தீர்கள். அறுவை சிகிச்சைக்கு உள்ளே போகும் முன் உடம்பில் எதுவும் இருக்கக் கூடாது. கோயில் கயிறு, தாயத்து, தாலி, மெட்டி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் போட்டுவிடுகிற சனங்கள், கயிற்றைக் கழற்றச் சொன்னால்தான் உடைந்து அழுவார்கள். நீங்கள் கத்தரிக்கோலைத் தொடமாட்டீர்கள். நகத்தால் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்பீர்கள். அவிழ்க்கும்போதே பேரைக் கேட்பீர்கள், யார் கட்டியது, எந்தச் சாமி என்று கேட்பீர்கள். தமிழில் கேட்பீர்கள், பதில் வராவிட்டால் கன்னடத்தில், அதுவும் இல்லையென்றால் தெலுங்கில். பிறகு முந்தானையில் முடிந்துகொள்வீர்கள்.

என் சரோஜா உள்ளே போன அன்று நான் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பி வரவில்லை. எல்லாரும் போன பிறகு நீங்கள் முந்தானையை அவிழ்த்து இரண்டு மெட்டிகளை என் கையில் வைத்தீர்கள். "சரோஜாம்மா சொல்லச் சொன்னாங்க அண்ணய்யா. இடது கால் மெட்டி கொஞ்சம் லூசாம், தொலைச்சிடப் போறீங்களாம்" என்றீர்கள். நாற்பது வருடம் என்னோடு இருந்தவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை, முன்பின் தெரியாத உங்கள் மூலம் எனக்கு வந்தது. அன்று நீங்கள் அவள் பேரைச் சொன்னதுதான் எனக்குப் பிடிமானமாக இருந்தது.

அதனால்தான் நான் அங்கே வர ஆரம்பித்தேன். வெளியே காத்திருப்பவர்களோடு உட்காருவேன், வெந்நீர் வாங்கி வருவேன், படிவம் நிரப்பிக் கொடுப்பேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. சொல்ல முயன்றபோதெல்லாம் நீங்கள் என்னை அடக்குவீர்கள். "பேசாத உக்காருங்க அண்ணய்யா. நீங்க வாயைத் தொறந்தா ஹெட்மாஸ்டர் ப்ரேயர் மாதிரி இருக்குது."

தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் இருபத்தேழு வருடம் அளந்தவன் நான். எதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் எனக்கு. உங்கள் முந்தானை முடிச்சு எனக்குப் பயத்தைக் கொடுத்தது. பழுப்புக் காகித உறைகள் வாங்கி, ஒவ்வொன்றிலும் கட்டில் எண் எழுதிக் கொண்டுவந்து காட்டினேன். ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் சிரித்த சிரிப்பில் ஊசி போட வந்த சிஸ்டர் நின்றுவிட்டார்.

"கட்டிலு நகரும் அண்ணய்யா. மனுசன் பேரு நகராது. பேரை எழுதுங்க."

"தொழிற்சாலையில் எண்தான் போடுவோம், தவறே வராது" என்றேன்.

"இங்க இருக்கறது நட்டு போல்ட்டா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். எண் போட்டதற்குக் காரணம் தொழிற்சாலை இல்லை. உள்ளே போகப் போகிற ஒருவரின் முகத்தைப் பார்த்து "உங்க பேரு என்ன?" என்று கேட்க எனக்குக் கூச்சம். கேட்டால் அவர் வேறு ஏதாவதும் சொல்வார். அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? எண் எதுவும் பேசாது.

நீங்கள் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டீர்கள். நான் உறைகளோடு நின்றேன். சிஸ்டர் கழற்றித் தருவதை வாங்குவேன், உறையில் போடுவேன், நோட்டில் குறிப்பேன். நான்கு மாதம் ஒரு பிசகும் இல்லை. கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

அன்று இரண்டு பேர். ஒன்பதாம் கட்டிலில் ஓர் இளைஞர், தொழிற்சாலையில் இரும்புத் தகடு சரிந்து வயிற்றில் அடி. பதினோராம் கட்டிலில் எழுபது வயதுப் பெரியவர், குடலிறக்கம். இருவர் கையிலும் சிவப்புக் கயிறு. இரண்டு உறை, இரண்டு எண். வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நான் வந்தபோது பதினோராம் கட்டில் காலியாக இருந்தது. விடியற்காலையில் இறந்துவிட்டார் என்றார்கள். வெளியே சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை அவர் மனைவி என்று காட்டினார்கள். பதினொன்று என்று எழுதிய உறையைத் திறந்து கயிற்றை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். துக்கம் என்று நினைத்து நான் திரும்பி நடந்துவிட்டேன். பிறகு ஒன்பதாம் கட்டிலுக்குப் போய், கண் மூடியிருந்தவர் கையில் மற்றக் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தேன். அப்போதும் நான் முகத்தைப் பார்க்கவில்லை, நாகம்மா.

இரண்டு வாரம் கழித்து நோட்டைச் சரிபார்த்தேன். பதினொன்று, வயது எழுபது என்று என் கையெழுத்திலேயே இருந்தது. வெளியே உட்கார்ந்திருந்த அந்த மனைவிக்கு இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. சிஸ்டரிடம் கேட்டேன்.

"ஆமா சார், ஆக்சிஜன் லைன் பதினொண்ணுகிட்டதானே இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சதும் ரெண்டு பேரையும் மாத்திப் போட்டுட்டோம். ஏன் சார்?"

"சும்மா கேட்டேன்" என்றேன். அதுதான் நான் சொன்ன முதல் பொய்.

அடுத்த ஐந்து வாரம் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. ஒரு கயிறுதானே என்று காலையில் சொல்லிக்கொள்வேன். பொழுது சாய்ந்ததும் சரோஜாவின் மெட்டியைக் கையில் வைத்துப் பார்ப்பேன். அது வேறு யாருடைய மெட்டியாகவோ இருந்திருந்தால்? மருத்துவமனைக்குப் போவதையே நிறுத்திவிடலாம் என்றும் நினைத்தேன். எனக்கு எழுபது ஆகிறது, போதும் என்று தோன்றியது. உங்கள் ஸ்டூலைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

கடைசியில் சிஸ்டரிடம் உண்மையைச் சொல்லி, வார்டு பதிவேட்டிலிருந்து இருவரின் பெயரையும் ஊரையும் ஒரு துண்டுச் சீட்டில் வாங்கிக்கொண்டேன். பெரியவர் முனியப்பா, பாகலூர்ப் பக்கம். இறந்தவர் முருகேசன்; மனைவி செல்வி, ஊத்தங்கரைக்கு அருகில் தாய்வீட்டுக்குப் போய்விட்டார்.

முதலில் பாகலூர். முனியப்பா தோட்டத்தில் முட்டைக்கோஸுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். என் தலையைக் கண்டதும் மண்வெட்டியை ஊன்றினார்.

"கயித்துக்குத்தானே வந்தே சாமி?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"என்னுதுல மூணு முடிச்சு. இதுல அஞ்சு. கட்டும்போதே தெரிஞ்சுபோச்சு. சாமின்னு கூப்பிடறதுக்குள்ள ஆளைக் காணோம். பூனை மாதிரி வந்தே, பூனை மாதிரி போயிட்டே."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மருமக சொல்லுச்சு, செத்துப்போன புள்ளையோடதா இருக்கும், ஆகாது, கழட்டிக் கடாசுன்னு. அது எப்படி கடாசறது? கேட்டுகினு யாராவது வருவாங்கன்னு சாமி படத்துல மாட்டி வெச்சேன். ரொம்ப லேட்டு பண்ணிட்டே சாமி."

அவர் எடுத்துக் கொடுத்த ஐந்து முடிச்சுக் கயிற்றோடு மறுநாள் ஊத்தங்கரைக்குக் கிளம்பினேன். கிருஷ்ணகிரியில் பேருந்து மாறும்போது திரும்பிவிடலாமா என்று நிலையத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று பேருந்துகளை விட்டேன். நான்காவதில் ஏறியது தைரியத்தால் அல்ல. நடத்துநர் "ஊத்தங்கரையா பெரியவரே, ஏறுங்க" என்று பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

செல்வி வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஓசூர் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் அம்மா. அந்தப் பதினோராம் கட்டில்..."

"கட்டிலா? அவருக்குப் பேரு இருக்குதுங்க" என்றார், தலை நிமிராமல்.

துண்டுச் சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது. பேரும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் வாயில் முதலில் வந்தது எண்தான். "முருகேசன்" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

கயிற்றை எடுத்து முறத்தின் ஓரத்தில் வைத்தேன். அவர் தொடவில்லை. கண்ணாலேயே முடிச்சுகளை எண்ணினார். நான் நடந்ததை வரிசையாகச் சொன்னேன்: உறை, எண், ஆக்சிஜன் குழாய், கட்டில் மாறியது, இரண்டு வாரத்தில் எனக்குத் தெரிந்தது, அதன்பின் ஐந்து வாரம் நான் பயந்து கிடந்தது. எதையும் விடவில்லை.

"குப்பையில போட்டுட்டீங்கன்னு இருந்தேன்" என்றார். "ரத்தப் பஞ்சு போடுற டப்பா இருக்குதே, அதுக்குள்ள கெடக்குதுன்னு தெனம் நெனச்சிக்குவேன். என் வாயை அடைக்கறதுக்கு யாரோடதோ ஒண்ணைக் கையில திணிச்சிட்டுப் போயிட்டீங்கன்னு."

"அன்றைக்கே கேட்டிருக்கலாமே அம்மா?"

எவ்வளவு மடத்தனமான கேள்வி. கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"யாரைக் கேக்கறது? நீங்க நின்னீங்களா? உங்க முதுகைத்தான் பாத்தேன்." கொஞ்ச நேரம் கடலை உரித்தார். "வெறுங்கையோட அனுப்பினேன் சார் அவரை. மண்ணுல வெக்கும்போது அந்தக் கையைத்தான் பாத்துகினு இருந்தேன்."

இதைச் சரிசெய்ய முடியாது, நாகம்மா. அவருக்கு ஏதாவது சொல்ல வாய் எடுத்தேன், உங்கள் குரல் கேட்டது. பேசாமல் அந்தத் தரையிலேயே உட்கார்ந்தேன்.

அவராகவே சொன்னார். கல்யாணமான வருடத்திலிருந்து மாரியம்மன் பண்டிகைக்கு வருடம் ஒரு முடிச்சு. நான்கு முடிச்சு செல்வி போட்டது. ஐந்தாவதை முருகேசன் தானே போட்டுக்கொண்டாராம், ஒரு கையாலும் பல்லாலும் இழுத்து. "இது பாருங்க, கோணலா இருக்குது" என்று சொல்லி, அப்போதுதான் கயிற்றை எடுத்து அந்த முடிச்சின் மேல் விரலை வைத்தார். விரல் அங்கேயே இருந்தது.

பிறகு உள்ளே போய் ஒரு காகித மடிப்பைக் கொண்டுவந்தார். முனியப்பாவின் மூன்று முடிச்சுக் கயிறு.

"யாரோ யாருக்கோ ஆசையா கட்டிவிட்டது. தூக்கிப் போட மனசு வரலை. அவரு நல்லா இருக்காரா?"

"தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறார்."

"குடுத்துடுங்க." என் கைப்பையைப் பார்த்தார். "அந்த நோட்டு வெச்சிருக்கீங்களா? எடுங்க. நம்பரை அடிச்சிட்டு அவரு பேரை எழுதுங்க. என் கண்ணு முன்னாடி எழுதுங்க."

எழுதினேன். நோட்டை அவர் பக்கம் திருப்பினேன்.

"கோணலா இருக்குது சார். இன்னொரு வாட்டி எழுதுங்க."

முருகேசன் என்று இரண்டாம் முறை, பள்ளிப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். அவர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. பேருந்துக்கு நேரமாகிறது என்று அவர்தான் சொன்னார்.

முனியப்பாவின் கயிற்றைப் பாகலூரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். இதுதான் செய்தி. மற்றபடி இங்கே புதுக் கட்டடம் எழும்புகிறது, டோக்கன் கொடுக்க ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. உடம்பு மிகவும் அசதியாக இருக்கிறது. உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா? முந்தானையில் அத்தனை பேரை முடிந்துகொண்டு வீட்டுக்குப் போகும்போது கனக்கவில்லையா? ஒருநாளாவது நான் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

எத்தனையோ முறை சொன்னீர்கள், "வாங்க போங்கன்னு என்னாத்துக்கு அண்ணய்யா, நாகுன்னு கூப்பிட்டா வாய் வலிக்குமா?" என்று. அதற்கும் கூச்சப்பட்டேன். இப்போது கூப்பிடுகிறேன்.

நாகு, நாளைக் காலை மூன்று பேர் உள்ளே போகிறார்கள். மூன்று உறைகளும் மேசைமேல் இருக்கின்றன, எதிலும் எதுவும் எழுதவில்லை. நான் ஒவ்வொரு கட்டிலுக்கும் போவேன். முகத்தைப் பார்த்துப் பேரைக் கேட்பேன். அவர்கள் வேறு ஏதாவது சொன்னால், சொல்லி முடிக்கும்வரை நிற்பேன். கொடுத்த கையோடு திரும்பி நடக்கமாட்டேன். உன் ஸ்டூலில் முழுசாக உட்காருவேன்.

மெட்டியைத் தொலைக்காமல் வைத்திருக்கும்,
உன் அண்ணய்யா
ராமநாதன்